தட்டைப்புழுக் கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது

அக்காவின் உடலை வீட்டிலிருந்து எடுத்த அன்று, வழக்கப்படி பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். குடத்துத் தண்ணீர், வாளித் தண்ணீர், போத்தல்களில் நிரப்பி வைத்த தண்ணீர் எல்லாவற்றையும் முற்றத்தில் கொண்டுபோய் ஊற்றினார்கள். செத்தவீட்டில் நின்ற தண்ணீரை எங்கள் பக்கத்தில் யாரும் வைத்திருப்பதில்லை. அலுமாரியின் கீழ்த்தட்டில் நாலு ஐஸ்கிறீம் பெட்டிகளில் இருந்த தண்ணீரும் அதோடு போனது. அதற்குள் என் தட்டைப்புழுக்கள் இருந்தன. ஊற்றியவளுக்கு அது தெரியாது. தூசி விழுந்த பழைய தண்ணீர் என்று நினைத்திருப்பாள். நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய இடத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதில் நான் அப்போது நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன்.

மன்னார்ப் பக்கம் நறுவிலிக்குளத்தில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். கலியாணம் கட்டவில்லை. அக்காவோடும் அத்தானோடும் ஒரே வீட்டில்தான் என் காலம் போனது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை, வயல் இருந்தது. வயலை நடத்தியது அக்கா. அவள் சொன்னதைச் செய்தது அத்தான். யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரிந்த வருடங்களில் அக்கா எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அவள் நின்றதால்தான் நான் தொடர்ந்து படித்தேன். இதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதம், சிங்களக் கடிதம், மருந்துத் துண்டு எல்லாவற்றையும் வாசித்துச் சொல்வது அதனால் என் பொறுப்பானது. நான் என்ன சொன்னாலும் அவள் அதை அப்படியே நம்புவாள்.

புழுக்களை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர். தட்டைப்புழுக்கள் துண்டானாலும் எப்படி மீள வளர்கின்றன, அவற்றின் மூலக்கலங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பேசுவதற்கு மன்னார் நகரில் விஞ்ஞானிகளின் கூட்டம் ஒன்று நடக்கப்போகிறது, உள்ளூர் ஆசிரியர்களும் வரவேண்டும் என்று சொல்லி, ஒரு போத்தல் நிறையப் புழுக்களைத் தந்தார். நகத்துண்டளவு, மண்ணிறம், முக்கோணத் தலை, அதில் மாறுகண் போல இரண்டு புள்ளிகள். இரண்டாக வெட்டினால் தலைத்துண்டுக்கு வால் முளைக்கும், வால்துண்டுக்குத் தலை முளைக்கும். உடம்பெங்கும் பரவிக் கிடக்கும் மூலக்கலங்கள்தான் அதைச் செய்கின்றன. ஸ்டெம் செல் என்று பத்திரிகையில் வருவதும் இதுதான். கூட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் புழுக்களை வெட்டி, முளைத்து முழுசானவற்றை அங்கே கொண்டுபோய்க் காட்டுவது என் பங்கு.

பாதிப் புழுக்களை முதல் நாளிலேயே கொன்றுவிட்டேன். எங்கள் கிணறு சவர், உப்புத் தண்ணீர். உயிரியல் ஆசிரியைக்கு அது அன்றைக்கு நினைவில் இல்லை. மிச்சத்தை அக்கா காப்பாற்றினாள். கூரைப் பீலியில் விழுந்த மழைத் தண்ணீரைப் பிடித்து, வேட்டித் துணியில் வடித்து, அதில் விட்டாள். அன்றிலிருந்து புழுக்கள் அவளுடையவை ஆகின. வெளிச்சம் ஆகாது என்று நான் சொன்னதும் சேலைகளைத் தூக்கி மேல்தட்டில் வைத்துவிட்டு அலுமாரியின் கீழ்த்தட்டை அவற்றுக்குக் கொடுத்தாள். மாட்டு ஈரல் போடும்படி விரிவுரையாளர் சொல்லியிருந்தார்.

"என்ர வீட்டுக்குள்ள மாட்டிறைச்சி வராது. புழுவுக்கு எண்டாலும் வராது" என்றாள் அக்கா.

அவித்த முட்டையின் மஞ்சட்கருவைக் கிள்ளிப் போட்டாள். ஏறி மொய்த்துத் தின்றன. வெள்ளிக்கிழமை அதுவும் கிடையாது. "வெள்ளிக்கிழமை உவையும் எங்களோட விரதம்" என்பாள். வெட்டுவதற்கு முன் ஒரு கிழமை தீனி போடக்கூடாது என்று நான் சொன்னபோது என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வெட்டுறது காணாதெண்டு பட்டினியும் போடப் போறியோ? நல்ல ரீச்சர்தான்" என்றாள்.

இப்படிப் பகிடி விட்டுக்கொண்டிருந்தவளின் உடம்புக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

மாரியில் காலபோக நெல் விதைப்பு முடிந்த கையோடு அவளுக்குக் களைப்புத் தொடங்கியது. பிறகு காரணமில்லாமல் கையில் காலில் நீலத் தழும்புகள். மன்னார் ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றி, தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இடுப்பெலும்பில் ஊசி போட்டு உள்ளே இருக்கும் மச்சையை எடுத்துப் பார்த்தார்கள். வைத்தியர் என்னையும் அத்தானையும் விறாந்தைக்குக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் சொன்னார். எலும்புக்குள் இரத்தத்தை உண்டாக்கும் மூலக்கலங்கள் அழிந்துகொண்டு போகின்றன. ஏற்றுகிற இரத்தம் கொஞ்ச நாளைக்குத்தான். கூடப்பிறந்தவரின் கலங்கள் பொருந்தினால் அவற்றைச் செலுத்தலாம், பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் சுணங்கக் கூடாது.

அத்தான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அவவுக்குச் சொல்லவேண்டாம், மனம் விட்டிடுவா" என்றார். ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் நான் ஓம் என்றேன். யோசிக்க என்ன இருந்தது? எங்கள் பக்கத்தில் நோயில் கிடக்கும் வருத்தக்காரருக்குத்தான் வருத்தத்தின் பெயர் கடைசியாகத் தெரியும். அக்காவின் மாமனாருக்கு வந்தபோதும் அப்படித்தான், முன்வீட்டு அம்மாவுக்கு வந்தபோதும் அப்படித்தான். அதை நாங்கள் பொய் என்று சொல்வதில்லை, அன்பு என்று சொல்கிறோம்.

உள்ளே போனபோது அக்கா கட்டிலில் கால் தொங்கப்போட்டு இருந்தாள். "என்னவாம்?" என்றாள்.

"இரத்தம் குறைவாம். திரும்ப வந்து கொஞ்ச நாள் நிண்டு மருந்து ஏத்த வேணுமாம்" என்றேன்.

என் கையிலும் இரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று கேட்டாள். இரத்தம் கொடுத்தேன் என்றேன். இரண்டு கிழமையில் தொலைபேசியில் செய்தி வந்தது. என் கலங்கள் முழுமையான பொருத்தம். அத்தான் சாமிப்படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். அக்கா காரணம் கேட்டதற்கு, வயலுக்கு மழை வருகிறதாம் என்று ஏதோ உளறினார்.

ஆஸ்பத்திரி வாட்டில் சேரச் சொல்லித் திகதியும் வந்தது. இங்கேதான் எங்கள் கெட்டித்தனம் எங்கள் தலையிலேயே விடிந்தது. நெல் கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்தில் நிற்கிறது, இரத்தக் குறைவுக்காக அதை விட்டுவிட்டு யாராவது போவார்களா? "முருங்கையிலையும் பீற்றூட்டும் சாப்பிட்டா ஊறுற இரத்தத்துக்கு அவ்வளவு தூரம் போகவேணுமோ?" என்று கேட்டாள். அவள் கேள்வியில் பிழையில்லை. நாங்கள் சொன்ன வருத்தத்துக்கு அது சரியான பதில். போகத்தான் வேண்டும் என்று நான் நெருக்கினால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருப்பதற்காக நெருக்காமல் விட்டோம். இரண்டாவது திகதியும் வந்தது. "நெல்லு வெட்டு முடியட்டும், வாறன்" என்றாள். வைத்தியர் தொலைபேசியில் என்னைத் திட்டினார். நான் தண்டனைக்கு நிற்கும் பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றேன். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பதுதான் எங்கள் திட்டம். போய்ச் சேர வேண்டுமே!

இரவில் அவளுக்கு மூக்கால் இரத்தம் வரும் என்று நான் அவள் பாய்க்குப் பக்கத்தில் என் பாயைப் போட்டுப் படுக்கத் தொடங்கினேன். வெக்கை என்று காரணம் சொன்னேன். அதையும் நம்பினாள்.

புழுக்களை வெட்டியதும் அவள்தான். ஐஸ் கட்டிமேல் ஈரக் கடதாசி விரித்து, புழுவை அதில் கிடத்தி, அத்தானின் சவர பிளேட்டால் ஒரே அழுத்து. பத்துப் புழுக்கள், இருபது துண்டுகள். கடைசித் துண்டில் பிளேட் வழுக்கி அவள் விரலில் பட்டது. சின்னக் கீறல். ஆனால் இரத்தம் நிற்கவில்லை. துணி நனைந்து, அடுத்த துணியும் நனைந்தது. "என்னடி இது, நிக்குதில்லை?" என்றாள். "பிளேட் புதுசு, கூர் கூட" என்றேன். ஆறு கிழமையாக அந்த பிளேட்டால் அத்தான் சவரம் செய்துகொண்டிருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

கூட்டம் வந்தது. முதல் நாள் விஞ்ஞானிகளை வான் வண்டியில் ஏற்றிக் கொண்டச்சிப் பக்கக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள், கடல் தட்டைப்புழு தேட. நானும் போனேன். தொப்பியும் வெயில் களிம்புமாக வற்றுநீரில் குனிந்து கல் புரட்டினார்கள். வெளிநாட்டுப் பேராசிரியை ஒருவர், நரைத்த தலை, மெதுவான பேச்சு, ஒவ்வொரு கல்லையும் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமாகவே திரும்ப வைத்தார். மற்றவர்கள் வைக்காமல் விட்டதையும் போய் வைத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. மறுநாள் ஆசிரியர்களுக்கான அமர்வில் தன் பேச்சைத் தமிழில் சொல்ல முடியுமா என்று கேட்டார். பெருமையாக இருந்தது, சம்மதித்தேன். என்ன பேசப்போகிறீர்கள் என்று கேட்கவில்லை. புழுதானே.

மறுநாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் வளர்த்த புழுக்கள், அவள் பார்க்க வேண்டும். நல்ல சேலை கட்டி, பஸ்ஸில் ஐஸ்கிறீம் பெட்டியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். மண்டபத்தில் பெரிய பதாகை, எழுத்து முழுக்க ஆங்கிலம். வாசலில் ஒரு பை, ஒரு பேனை, கடிக்க ஒரு பற்றிஸ், குடிக்கப் பால்தேத்தண்ணி. வெளிநாட்டார் வந்து அக்காவின் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். முட்டை மஞ்சட்கரு என்று நான் சொன்னதும் ஒருவர் குறிப்பெடுத்தார். அக்காவுக்கு வாயெல்லாம் பல். "எழுதுறாரடி" என்று என்னை இடித்தாள். மூன்றாம் வரிசையில் போய் இருந்தாள்.

பேராசிரியை பேசினார். நான் பக்கத்தில் ஒலிவாங்கியோடு நின்று வசனம் வசனமாகத் தமிழில் சொன்னேன். புழுவைக் கதிர்வீச்சில் வைத்தால் அதன் மூலக்கலங்கள் எல்லாம் செத்துப்போகும். புழு உடனே சாகாது. ஆனால் வேறொரு புழுவிலிருந்து ஒரேயொரு மூலக்கலத்தை எடுத்து அதன் உடம்பில் செலுத்தினால், அந்த ஒன்று பெருகிப் பெருகி முழுப் புழுவையும் மீட்டுவிடும். இதுவரை நன்றாகத்தான் சொன்னேன். ஆசிரியர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த படம் திரையில் விழுந்தது. மனித எலும்பு. அவர் ஆங்கிலத்தில் சொன்னார். நமக்குள்ளும் இதே கதைதான். மச்சையிலுள்ள மூலக்கலங்கள் அழிந்தால் ஆள் களைத்துப்போவார், அடிபடாமலே நீலத் தழும்பு வரும், சின்னக் காயத்திலும் இரத்தம் நிற்காது. பார்ப்பவர்கள் வெறும் இரத்தக் குறைவு என்று நினைப்பார்கள். சகோதரரின் கலங்கள் பொருந்தினால் காப்பாற்றலாம். சுணங்கினால் அந்த வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். பேனையைப் பிடித்தபடி அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனிதரிலும் இவ்வாறான கலங்கள் உண்டு. அவை பற்றியும் ஆராய்ச்சிகள் நடைபெறுகின்றன" என்றேன்.

முன்வரிசையில் இருந்த ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வேறொரு விரிவுரையாளர், கையை உயர்த்தினார். "ரீச்சர், முக்கியமானதை விட்டிட்டியள்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எழும்பி மற்ற ஒலிவாங்கியை வாங்கினார். ஒன்று விடாமல், நல்ல தமிழில், களைப்பு, தழும்பு, நிற்காத இரத்தம், இரத்தக் குறைவு என்று நினைப்பது, சகோதரம், சுணக்கம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த மனிதரில் எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் போகவில்லை. அவர் ஒரு பிழையும் செய்யவில்லை என்பதும் தெரியும்.

அக்கா பேனையை மடியில் வைத்தாள். சேலைத் தலைப்பை முழங்கை வரைக்கும் ஒதுக்கித் தன் கையைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பிறகு கேள்விகளுக்கு நேரம் என்று அறிவித்ததும் முதலில் எழும்பியது அவள்தான்.

"அந்த மற்றப் புழுவின்ர கலத்தைப் போடாமல் விட்டால், இது எத்தனை நாளைக்குத் தாங்கும்? கேட்டுச் சொல்லு" என்றாள் என்னிடம், எல்லாருக்கும் முன்னால்.

கேட்டேன். பேராசிரியை அக்கறையோடு அக்காவைப் பார்த்துப் பதில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். "கொஞ்சக் காலத்துக்கு வெளியில் ஒன்றும் தெரியாது. சாப்பிடும், ஊரும். உள்ளே பழைய கலங்கள் செத்துக்கொண்டு வரும், புதிதாக ஒன்றும் உண்டாகாது. பிறகு தலை சுருங்கத் தொடங்கும். அதற்குப் பிறகு கலத்தைச் செலுத்தினாலும் பலன் குறைவு." இந்தமுறை ஒன்றையும் விடவில்லை.

"புழுவுக்குத் தெரியாது, என்ன?" என்றாள் அக்கா. மண்டபம் சிரித்தது. பேராசிரியை என்னவென்று கேட்டார். நான் சொல்லவில்லை.

திரும்பிப்போகும் பஸ் கடலுக்கு மேலால் போகும் தாம்போதிப் பாலத்தைக் கடந்தது. பெட்டி அக்காவின் மடியில் இருந்தது.

"ஆருக்கெல்லாம் தெரியும்?" என்றாள்.

"அத்தானுக்கு. எனக்கு. சித்திக்கு. முன்வீட்டாருக்கு."

"வேற?"

"சந்திக் கடைக்காரருக்கும் தெரியும்."

"கடைக்காரனுக்கும் தெரியுமோ? அதுதான் மாதுளம்பழத்தைச் சும்மா தந்தவன்." பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். "வெட்டு முடிய வாறன் எண்டு நான் சொல்லேக்க நீ பக்கத்தில நிண்டனீ, என்ன?"

"ஓம் அக்கா."

"வாய் திறந்தியோ?"

"இல்லை."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சின்ன வயதில் தலைவாரும்போது எப்படியெல்லாம் குட்டியிருக்கிறாள்! அன்றைக்குக் குட்டவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் எங்கள் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு அழத் தொடங்கினார். "அழாதையுங்கோ. பெரிய பையை இறக்குங்கோ, விடிய முதல் பஸ்ஸுக்குப் போறம்" என்றாள் அக்கா. நெல் இன்னும் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மனம் விட்டுவிடுவாள் என்று நாங்கள் மூன்று மாதம் பொத்திப் பொத்திப் பாதுகாத்த மனுஷி, அரை மணித்தியாலத்தில் உடுப்பு, சவர்க்காரம், விபூதிப் பை எல்லாம் எடுத்து வைத்து முடித்தாள். புழுக்களுக்குத் தண்ணீரும் மாற்றினாள்.

ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்தார்கள். என்னையும் சோதித்தார்கள், எல்லாம் சரி என்றார்கள். ஐந்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எதிர்த்து நிற்க உடம்பில் ஒன்றும் இல்லை. காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கியது. ஒரு காலையில் இளம் வைத்தியர் ஒருவர் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்று ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். நான் வழக்கம்போல அவரை விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போக எழும்பினேன். அக்கா என் சட்டை நுனியைப் பிடித்தாள்.

"இங்கயே நிண்டு சொல்லட்டும். நீ ஒண்டையும் விடாமல் எனக்குச் சொல்லு."

அவர் சொன்னார். நான் சொன்னேன். நெஞ்சில் கிருமி பரவிவிட்டதாம். இந்த நிலையில் கலம் செலுத்தும் சிகிச்சையைச் செய்ய முடியாதாம். முந்தி வந்திருந்தால் செய்திருக்கலாமாம்.

"முந்தி எண்டால் எப்ப?"

வைத்தியரிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. "முதல் தந்த திகதிக்கு" என்றேன்.

வைத்தியர் போய்விட்டார். பக்கத்துக் கட்டில்காரருக்குப் பாண் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என் இடது கையைத் திருப்பி, முழங்கையின் உட்பக்கத்தைப் பார்த்தாள்.

"அண்டைக்கு உன்னில ஊசி குத்தி எடுத்தது இதுக்கோ?"

"ஓம்."

"பொருந்தினதோ?"

"பொருந்தினது."

"எவ்வளவு?"

"முழுக்க, அக்கா."

அவளுக்கு மூச்சு இழுத்தது. அவள் பெருவிரல் ஊசி குத்திய இடத்தில் இருந்தது. அழுத்தவில்லை, சும்மா வைத்திருந்தாள்.

"இவ்வளவு நாளும் பக்கத்துப் பாயிலதானேடி கிடந்தனீ" என்றாள்.